நேரம் யார் கையில்?

வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு டிசைன் செய்து தரும் என் அக்கா மகள் போன வாரம் கேட்டாள்: "டாகிளா, கேலண்ட்லியா மாமா? ரெண்டுக்கும் பணம் கட்டி மாளாது."

உங்களுக்கும் இந்தக் குழப்பம் இருக்கலாம். 2006-ல் எஸ்தோனியாவில் பிறந்த டாகிள், பட்டனை அழுத்தினால் எந்த வேலைக்கு எத்தனை மணி ஆனது என்று கணக்கு வைக்கும். 2013-ல் அமெரிக்காவில் டோபே அவோடோனா தொடங்கிய கேலண்ட்லி, உங்கள் ஓய்வு நேரங்களைக் காட்டும். பேச வேண்டியவர் தோதானதைப் பிடித்துக்கொள்வார். "செவ்வாயா, புதனா?" என்று மாற்றி மாற்றி மெயில் அனுப்ப வேண்டாம். நியூயார்க் மணி, நம்மூர் மணி வித்தியாசத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஒன்று, போன நேரத்துக்குக் கணக்குப்பிள்ளை. மற்றது, வரப்போகிற நேரத்துக்கு வாசல் காவலாள்.

"உனக்கு எதுல நஷ்டம்?" என்றேன்.

"பில் போடறப்போ பாதி மணி மறந்துடுது."

அப்போ டாகிள்தான். மீட்டிங் பேசி முடிப்பதிலேயே பொழுது போகிறவர்களுக்குக் கேலண்ட்லி.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பட்டன் உங்கள் கையில் இருக்கும்வரைதான் அது கணக்கு. முதலாளி கைக்குப் போனால் வேவு. காலண்டரைத் திறந்துவிடுகிறவர்கள் சாப்பாட்டு நேரத்தை முதலில் அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதையும் யாராவது புக் பண்ணிவிடுவார்கள்.