தோமான் மூச்சு

தோமான் மூச்சு வாங்க மேலே வரும்போது ஒரு சத்தம் கேட்கும். கரையில் நிற்பவர் காதுக்கு அது எட்டாது. இயந்திரப் படகில் போகிறவர் இயந்திரத்தை அணைத்தாலும், படகின் வயிற்றில் தண்ணீர் அறையும் சத்தத்தில் அது அமுங்கிவிடும். காயாக்கில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெளிவாகக் கேட்கும். அவருடைய காது நீர்மட்டத்திலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். முதலில் ஒரு குட்டை உறிஞ்சல். உடனே ஒரு வளையம் விரியும். வளையத்துக்குப் பக்கத்தில் நாலைந்து குமிழிகள் வரிசையாக வந்து உடையும். மீன் கீழே போய்விட்டது என்று அர்த்தம்.

இந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் நான் காயாக்கில் போகிறேன் என்றால் நம்பத் தயங்குவார்கள். மீன் பிடிப்பதும் பிடிக்கும். ஆனால் சத்தம் முதலில்.

ஹாருவான், தோமான், புஜுக் எல்லாம் விரால் குடும்பம். பெரும்பாலான மீன்களுக்குச் செவுள் போதும், இவற்றுக்குப் போதாது. செவுளுக்கு மேலே, தலைக்குள், காற்றைப் பிடித்துவைக்க ஓர் அறை இருக்கிறது. அதை அடிக்கடி நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே வரவிடாமல் வலையில் அமுக்கிவைத்தால் விரால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். இந்த அறை இருப்பதால்தான் செம்பனைத் தோட்டத்துக் கால்வாய்களில், பல மீன்கள் தாக்குப்பிடிக்காத கறுத்த நீரிலும் அது பெருகுகிறது. அதே அறைதான் அதைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. எவ்வளவு ஆழத்தில் பதுங்கினாலும், எவ்வளவு கெட்டிக்கார மீனானாலும், மூச்சுக்கு மேலே வந்தே ஆக வேண்டும்.

ஜோகூரின் சாஆ வட்டாரத்துக்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தெற்கே பெக்கோக் அணை, அதையும் தாண்டி ஆயர் ஈத்தாம் பக்கம் செம்புரோங் அணை. இரண்டும் முதலில் வெள்ளத்தைத் தடுக்கக் கட்டியவை, இப்போது குடிநீரும் தருகின்றன. அப்படியும் 2023 மார்ச் வெள்ளத்தில் சாஆ, லாபிஸ், யோங் பெங் எல்லாம் தண்ணீரில் நின்றன. வெள்ளம் வந்தால் குளத்து மீன் கால்வாய்க்கும், கால்வாய் மீன் தோட்டத்துக்கும் போய்விடும். அதன் பிறகு எந்தக் குட்டையில் எது இருக்கிறது என்று தூண்டில் போட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். அணைத் தேக்கத்தில் காயாக் இறக்குவதற்கு முன் அங்குள்ள அதிகாரிகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். குடிநீர் எடுக்கும் இடம் அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2014 முதல் 2024 முடிய ஜோகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை காலையில் கோலாலம்பூர்க்காரரும் மலாக்காக்காரரும் வேலைக்குப் போயிருப்பார்கள். தண்ணீர் முழுக்க நமக்கு. 2025 ஜனவரி முதல் நாள் பெரும்பாலான மாநிலங்களைப் போலச் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. பிள்ளைகள் வெளிமாநிலத்தில் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு நல்லதுதான். அந்த வெள்ளிக்கிழமைக் காலைகளை நினைத்தால் எனக்கு இன்னும் ஏக்கம்தான்.

சரி, மூச்சைக் கேட்டாயிற்று. அடுத்து என்ன? புதிதாக வருகிறவர்கள் வளையத்தின் நடுவிலேயே இரையை வீசுகிறார்கள். அங்கே மீன் இல்லை. குமிழி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க வேண்டும். மீன் அந்தப் பக்கம்தான் தலை வைத்து இறங்குகிறது. அதற்கும் இரண்டு பாகம் முன்னால் வீசி, அது போகும் வழியைக் குறுக்கே வெட்டுகிற மாதிரி இழுத்து வர வேண்டும். ஆழமாக இறங்கும் கெவாங் என்ற செயற்கை இரை இதற்குச் சரி. மீன் மேல்மட்டத்திலேயே சுற்றுகிறது என்றால் நம் ஊர் ஆட்கள் கையால் செய்யும் ஜம்ப் ஃப்ராக் போதும். அந்த ரப்பர் தவளையின் பின்னால் தகடு சுழன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரும்போது, பசி இல்லாத தோமானும் பாய்ந்துவிடுகிறது.

எல்லாம் ஒருசில விநாடிக்குள் நடக்க வேண்டும் என்பதால், காயாக்கின் மூக்கு ஏற்கெனவே அந்தத் திசையைப் பார்த்திருக்க வேண்டும். உட்கார்ந்தபடி பக்கவாட்டில் வீசினால் படகு உங்களைச் சுற்றிவிடும், ஆட்டமும் கொடுக்கும். முன்பக்கமாகவே வீசிப் பழகுங்கள். காற்றை எதிர்த்துத் துடுப்புப் போட்டுக்கொண்டே மீன் பிடிக்க முடியாது. காற்று வரும் பக்கமாக முதலில் ஏறிப் போய்விட்டு, அதன் போக்கிலேயே சத்தமில்லாமல் மிதந்து வர வேண்டும். வேகம் அதிகமானால் ஒரு காலைத் தண்ணீரில் தொங்கவிட்டால் போதும், நல்ல பிரேக். நங்கூரம் போடுவதானால் மூக்கிலோ வாலிலோ கட்டுங்கள். பக்கவாட்டில் கட்டிய நங்கூரம் நீரோட்டத்தில் படகைக் கவிழ்த்துவிடும். துடுப்பைக் கயிறு போட்டுப் படகோடு பிணைத்திருக்க வேண்டும். மீன் கடித்ததும் அதைத் தூக்கி எங்கே போட்டோம் என்றே நினைவிருக்காது.

பெரிய தோமான் காயாக்கை இழுத்துக்கொண்டே போகும். பயப்பட வேண்டாம், அது நமக்குச் சாதகம். படகின் கனத்தையும் சேர்த்து இழுத்து அது களைத்துப்போகிறது. ராடின் நுனி படகின் மூக்குப் பக்கம் இருக்கட்டும். படகு தானாகத் திரும்பி மீனைத் தொடரும். ராட் பக்கவாட்டுக்குப் போய், நீங்களும் அந்தப் பக்கம் சாய்ந்தால் தண்ணீருக்குள் போக வேண்டியதுதான். மீனை மடியில் தூக்கிப் போடவே கூடாது. தோமானுக்குப் பல் கூர்மை, வாயில் மும்முனைத் தூண்டில் முள் வேறு தொங்கிக்கொண்டிருக்கும். நீண்ட குறடால், மீன் தண்ணீரில் இருக்கும்போதே முள்ளைக் கழற்றுங்கள். முள்ளின் எதிர்நாக்கை முன்கூட்டியே நசுக்கி வைத்திருந்தால் உங்கள் கைக்கும் நல்லது, மீனுக்கும் நல்லது. உயிர்காப்புச் சட்டையைப் பற்றி விவாதமே இல்லை, போட்டே ஆக வேண்டும். இங்கே பிற்பகல் இடியும் அப்படித்தான். கார்பன் ராட் மின்சாரத்தைக் கடத்தும். திறந்த தண்ணீரின் நடுவில் அதை நிமிர்த்திப் பிடித்திருப்பவரைவிட உயரமான பொருள் அங்கே வேறு இருக்காது. வானம் கறுத்ததும் கரைக்கு வந்துவிடுங்கள்.

இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. விராலைப் பற்றி எனக்கு முதலில் தெரிந்தது வேறு மாதிரி.

சாஆவுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் பாட்டி வீடு. அத்தை பிள்ளை பெற்று வந்து படுத்திருந்தாள். அறுவை செய்து எடுத்த பிள்ளை. பாட்டி சித்தப்பாவிடம், "சின்னவனே, தங்கச்சிக்கு ரெண்டு விரால் பார்த்துக்கிட்டு வா. ரொம்பப் பெருசு வேணாம், முழங்கை நீளம் போதும்" என்றார். சித்தப்பா மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு கிளம்ப, நான் பின்னால் போனேன். செம்பனைக் கன்றுகளுக்கு நடுவே ஒரு பழைய குட்டை. கழி நுனியில் முரட்டு நூல், ஒரே ஒரு முள், முள்ளில் தொடை குத்திய சின்னத் தவளை. "நெழல் தண்ணியில விழுது பாரு, தள்ளி நில்லுடா" என்று என்னைப் பின்னால் தள்ளிவிட்டு, குந்தியபடியே நகர்ந்தார்.

அவர் மீனைத் தேடவில்லை, குஞ்சைத் தேடினார். அல்லிக் கொடி ஓரத்தில் உள்ளங்கை இரண்டு சேர்ந்த அகலத்துக்குச் சிவப்பாக ஒரு கூட்டம். ஒவ்வொன்றும் நெல்மணி அளவு. கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் மேலே வந்து தூறல் விழுந்தாற்போலத் தண்ணீரைப் பொத்தலிட்டுவிட்டு இறங்கும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வரும். சித்தப்பா தவளையை அந்தச் சிவப்பின் மேலேயே இறக்கி, இரண்டு முறை தட்டினார். கீழிருந்து தாய் வந்தது. சாப்பிட வந்ததல்ல அது, விரட்ட வந்தது. கழி வளைந்தது, மீன் புல்லில் விழுந்து துள்ளியது. அடுத்த தவளைக்கு ஆணும் வந்தது. பாட்டி கேட்ட இரண்டு மீனும் கிடைத்தாயிற்று.

சித்தப்பா வீட்டுக்குப் போனார். நான் குட்டை ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். குஞ்சுக் கூட்டம் அதே இடத்தில் ஏறியது, இறங்கியது. பிறகு கொடியை விட்டு நகர்ந்து நடுத் தண்ணீருக்குப் போனது. கீழிருந்து ஒரு பூயு மீன் வந்து மோதியது. கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. இன்னொரு மோதல், நாலாக. ஒவ்வொரு முறை மூச்சுக்கு மேலே வரும்போதும் சிவப்பு சிறுத்துக்கொண்டே வந்தது. பொழுது சாயும்போது தண்ணீர் வெறும் தண்ணீராக இருந்தது.

வீட்டுக்குப் போனபோது பாட்டி சாம்பலில் புரட்டி, கல்லுப்பு போட்டுத் தேய்த்து, விராலின் வழுவழுப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். தலையைப் பிளந்தபோது செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக, இளஞ்சிவப்பாக ஒன்று தெரிந்தது. மூச்சுக் காற்று அங்கேதான் தங்குகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. மிளகு, சீரகம், பூண்டு, இஞ்சி. மிளகாயும் கிடையாது, புளியும் கிடையாது. அத்தை அந்தச் சூப்பைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தாள்.

சித்தப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. காசு கொடுத்து வாங்காமல் அந்த வீட்டில் கிடைத்த நல்ல கறி அதுதான், அத்தைக்கு அது தேவையாகவும் இருந்தது. பாட்டியின் நம்பிக்கையும் வெறும் நம்பிக்கையில்லை. ஹாருவானின் கொழுப்பு அமிலங்களையும் அமினோ அமிலங்களையும் ஆராய்ந்து, காயம் ஆறுவதற்கும் அவற்றுக்கும் தொடர்பிருக்கலாம் என்று மலேசிய ஆய்வாளர் அப்துல் மனான் மாட் ஜாய்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் 1994இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். இன்று ஹாருவான் சாறு மாத்திரையாகவும் எண்ணெயாகவும் மருந்துக் கடைக்கு வந்துவிட்டது.

இதே சூப்பு அமெரிக்காவில் ஒரு பெரிய கலவரத்தைக் கிளப்பியிருக்கிறது. மேரிலாண்ட் மாநிலத்தில் ஒருவர், உடம்பு சரியில்லாத தன் சகோதரிக்குச் சூப்பு வைக்க, நியூயார்க் சந்தையிலிருந்து இரண்டு சீன விரால்களை உயிரோடு வாங்கியிருக்கிறார். மீன் வந்து சேர்வதற்குள் அந்தப் பெண்ணுக்குக் குணமாகிவிட்டது. கொல்ல மனமில்லாமல் கண்ணாடித் தொட்டியில் வளர்த்தார். வளர்ந்து பெருத்ததும் குரோஃப்டன் என்ற ஊரின் குளத்தில் விட்டுவிட்டார். 2002இல் தூண்டில்காரர்கள் கையில் அது சிக்கியபோது குளத்தில் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. பத்திரிகைகள் பேய் மீன் கதை எழுதின. மாநில அரசு குளத்தில் நஞ்சு கலந்து எல்லா மீனையும் கொன்றது. அந்த ஆண்டிலேயே உயிருள்ள விராலை நாட்டுக்குள் கொண்டுவர மத்திய அரசும் தடை போட்டது. 2004இல் வேறு வழியாக வந்த விரால்கள் போட்டோமேக் ஆற்றில் தென்பட்டன, அங்கேயே நிலைத்தும்விட்டன. இப்போது அங்கே பாஸ் மீன் பிடிக்கக் காயாக்கில் போகிறவர்களே ரப்பர்த் தவளை வீசி விரால் பிடிக்கிறார்கள்.

நம் பக்கம் தலைகீழ். அமேசான் நதியின் பீகாக் பாஸை இங்கே குளங்களிலும் ஏரிகளிலும் விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அழகான மீன், அடியும் பலம். ஆனால் பனாமாவின் காதுன் ஏரியில் 1967 வாக்கில் அது தப்பிப் புகுந்து உள்ளூர் மீனினங்களை ஏறக்குறையத் துடைத்துவிட்டதை சாரெட், பெய்ன் என்ற இருவர் 1973இல் எழுதி வைத்திருக்கிறார்கள். விரால் குஞ்சுக்குக் காவல் இருப்பதைப் போல அதுவும் தன் குஞ்சைக் காக்கும். அது பிடிபட்டால் திரும்ப விடாதீர்கள், குழம்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ருசி நன்றாகவே இருக்கும். ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்கு உயிரோடு எடுத்துப்போவதைத்தான் செய்யவே கூடாது.

தோமான் விஷயத்தில் என் வேண்டுகோள் வேறு. மீட்டர் நீளத்துக்கு வளரக்கூடிய மீன் அது. அதன் குஞ்சுகளும் ஹாருவான் குஞ்சுகளைப் போலவே கூட்டமாக மூச்சுக்கு ஏறுகின்றன, அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன. காயாக்கின் உயரத்திலிருந்து அந்தச் சிவப்பு மிக எளிதாகக் கண்ணில் படும். நம் படகுக்குச் சத்தமில்லாததால் பத்தடி வரை நெருங்கியும் போய்விடலாம். அங்கே எதை வீசினாலும் மீன் அடிக்கும். அதனால்தான் பெரிய தோமான் பிடித்த படங்களில் பாதிக்கு மேல் இப்படிப் பிடித்தவையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பிடித்து விட்டுவிடுகிறோமே என்பார்கள். படம் எடுத்து, அளந்து, மூச்சு தெளியவைத்து விடுவதற்குள் குஞ்சுகளின் மேல் என்னென்ன பாயும் என்பதைப் பூயு மோதிய அந்தக் குட்டையில் பார்த்திருக்கிறேன். சித்தப்பாவுக்கு வீட்டில் ஒரு பிள்ளை பெற்றவள் இருந்தாள். ஆயிரக்கணக்கான வெள்ளிக்குக் காயாக்கும் ரீலும் வாங்கியிருக்கிற நமக்கு அப்படி ஒரு அவசரமும் இல்லை.

ஆகவே, தூறல் விழாத நாளில் தூறலும் அதில் சிவப்பும் தெரிந்தால் வீசாதீர்கள். துடுப்பைப் போட்டு நூறு கெஜம் தள்ளிப் போங்கள். கூட வந்தவருக்கும் சொல்லுங்கள். குஞ்சு இல்லாத தோமான் தேக்கத்தில் நிறைய இருக்கிறது, அதைப் பிடியுங்கள்.