சந்தூக்கின் மறைவில்

மக்கட்செல்வம் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்று மேடையேறி ஒரு மணி நேரம் பேசுவது எளிது. அத்தகைய அமானிதங்கள் நான்கு ஒரே கூரையின்கீழ், ஒரே வேளையில், நான்கு திசைகளில் ஓடத் தொடங்கும்போதுதான் பேச்சாளரின் தகுதி வெளிப்படும். முப்பது ஆண்டுகளாகப் பிறர் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருபவன் நான். என் சொந்தப் பிள்ளைகள் எனக்கு ஓதிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. அதை எழுத இத்தனை காலம் வெட்கம் தடுத்தது. இப்போது தலை நரைத்துவிட்டதால் வெட்கமும் சற்றுக் குறைந்திருக்கிறது.

புதுவையில் முல்லா வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் எங்கள் வீடு. 2003 ஆம் ஆண்டில் மூத்த மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6, அடுத்தவளுக்கு 4, கடைக்குட்டிக்கு ஒன்றரை. காலையில் ஒரு செருப்புக் காணாமற்போவதில் தொடங்கி, இரவில் ஒருவர் தலையணைக்கு மூவர் உரிமை கொண்டாடுவதில் முடியும் எங்கள் அன்றாடம். பெருநாள் தொழுகைக்குப் புறப்படும் வேளையில் மகனின் புதுத் தொப்பி பள்ளிவாசல் ஹவுளில் படகாக மிதந்துகொண்டிருக்கும். நோன்புக் கஞ்சி வாங்கச் சென்ற தூக்குவாளி பாதி நிறைந்தே வீடு திரும்பும்; மீதிப் பாதியின் வரலாறு அவர்கள் உதடுகளில் ஒட்டியிருக்கும்.

வீட்டிலும் மக்தபிலும் என் கையில் ஒரு பிரம்பு இருந்தது. என் ஆசிரியர்களின் கையில் இருந்தது. ஆகவே என் கையிலும் இருந்தது. அதற்கு மேல் நான் சிந்தித்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் நான் கண்ணயர்ந்திருந்தபோது முற்றத்தில் குத்பா நடந்தது. கொய்யா மரத்தடியில் முக்காலிமேல் நின்ற மகனே கத்தீபு. கத்தீபு ஊன்றும் கைத்தடிக்குப் பதிலாக என் பிரம்பு. எதிரே தமக்கையும் தங்கையும் ஜமாஅத்தாக அமர்ந்திருந்தனர். நான் தொண்டையைச் செருமுவதுபோலவே செருமிக்கொண்டு அவன் முழங்கினான்: “பேசாதே! ஓடாதே! தொடாதே! சும்மா இரு!” குத்பா அவ்வளவுதான், உடனே துஆவும் ஓதி முடித்துவிட்டான். சாளரத்தின் வழியே கேட்டுக்கொண்டிருந்த நான் வாய்விட்டுச் சிரித்தேன். என்னிடமிருந்து அந்தப் பிள்ளை கேட்டறிந்த மார்க்கம் முழுவதும் அந்த நான்கு சொற்களுக்குள் அடங்கிவிட்டதே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மற்றொன்றும் அக்காலத்தில் நிகழ்ந்தது. நான் ஓதும் நாளிலிருந்து போற்றி வைத்திருந்த ஹதீது விளக்க நூலின் ஒரு பாகம் காணாமற்போயிற்று. மூன்று வாரம் கழித்து மரப்பெட்டியின் அடியிலிருந்து என் மனைவி அதை எடுத்தாள். நீல மை கொட்டி, ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கற்பலகைபோல் இறுகியிருந்தது. அன்றே சொல்லியிருந்தால் ஏடு ஏடாகப் பிரித்து உலர்த்திக் காப்பாற்றியிருக்கலாம். “யார் செய்தது?” என்று கேட்டேன். எவரும் வாய் திறக்கவில்லை. கடைக்குட்டியை விடுத்து மூவருக்கும் சமமாக அடி கொடுத்தேன். அதற்கு நீதி என்று பெயரும் இட்டேன்.

பிறகு வந்தது அந்த ஜூலை மாதம்.

புதுவையை அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல். 1954 நவம்பர் 1 அன்று இவ்வூரின் ஆட்சி பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது; 1962 ஆகஸ்டு 16 அன்று அது சட்டப்படி நிறைவுற்றது. எனினும் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இங்கே உள்ளன. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களை இன்றும் ‘சொல்தா’ என்றே ஊரார் அழைப்பர். 1789 இல் பாரிசில் பஸ்தீய் சிறை வீழ்ந்த ஜூலை 14 அவர்களுக்குத் திருநாள். அதன் முன்னாள் இரவில் பதக்கம் அணிந்த முதியவர்கள் விளக்குகளுடன் ஊர்வலம் வருவர்; வாத்தியம் முழங்கும். சிறுவர்களுக்கு அதைவிடப் பெரிய வேடிக்கை வேறென்ன வேண்டும்?

2003 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. ஊர்வலம் பார்க்க வேண்டுமென்று மகன் காலையிலிருந்து கேட்டான். அன்றைய பாடம் அவனுக்குச் சரியாக வரவில்லை. “முதலில் பாடம், பிறகும் வேண்டாம்” என்று முடித்துவிட்டு நான் மஃரிபுக்குப் பின் மக்தபில் அமர்ந்தேன். அந்நேரம் வீட்டில் சர்க்கரை தீர்ந்திருக்கிறது. என் மனைவி அவன் கையில் பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்து முனைக் கடைக்கு அனுப்பியிருக்கிறாள்.

இஷாத் தொழுது நான் வீடு திரும்பியபோது அவள் வாசலில் நின்றிருந்தாள். கையில் கடைக்குட்டி, கண்ணில் நீர். “புள்ளை இன்னும் வரலைங்க” என்றாள்.

கடைக்காரர் அவனைக் காணவில்லை என்றார். வாத்திய ஓசை கேட்டுக் கிழக்கே ஓடியதாகப் பூக்காரம்மா சொன்னார். கிழக்கே என்றால் முதலில் பெரிய வாய்க்கால்; அதைத் தாண்டினால் வெள்ளையர் வாழ்ந்த பழைய பகுதி; அதற்கப்பால் கடல். அந்த மூன்றையும் ஒரே மூச்சில் நினைத்த நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டது என்பதைப் பெற்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எதிர்வீட்டுக் கிறிஸ்தவ நண்பர் மிதிவண்டியை எடுத்தார். பூக்காரம்மாவின் மகன் வாய்க்கால் கரையோரம் விளக்குடன் நடந்தான். நான் கடற்கரைச் சாலைக்கு ஓடினேன். போர் நினைவுச் சின்னத்தருகே திரள் கலைந்துகொண்டிருந்தது. சிவப்புத் தொப்பி அணிந்த காவலர் ஒருவரிடம் அடையாளம் சொன்னேன்: “ஆறு வயது, வெள்ளைத் தொப்பி, முன்பல் ஒன்று விழுந்திருக்கும்.” காந்தி சிலையைச் சூழ நிற்கும் செஞ்சிக் கற்றூண்கள் ஒவ்வொன்றின் பின்னும் பார்த்தேன். கரைப் பாறைகளின்மேல் அலை மோதிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. ‘இறைவா, கிடைத்தால் போதும்’ என்ற ஒன்றைத் தவிர வேறு துஆ எதுவும் நாவில் வரவில்லை. அத்தனை அரபு படித்தவனுக்கு அன்றிரவு தமிழில்தான் அழ முடிந்தது.

மணி ஒன்பதரைக்கு வெறுங்கையோடு திரும்பினேன். வாசற்படியில் அமர்ந்திருந்த மூத்தவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “அத்தா, அவன் தொலைஞ்சிருக்க மாட்டான். வந்திருப்பான். உங்களுக்குப் பயந்து எங்கேயாவது ஒளிஞ்சிருப்பான். பள்ளியிலே பாருங்களேன்.”

ஒன்பது வயதுக் குழந்தை எவ்வளவு இயல்பாகச் சொன்னாள்! அவர்களுக்குள் அது யாவரும் அறிந்த செய்தி. எனக்கு மட்டுமே புதிது.

எங்கள் பள்ளிவாசலின் பின்புறம் ஜனாஸாவைச் சுமந்து செல்லும் சந்தூக்கு வைத்திருக்கும் சிற்றறை ஒன்று உண்டு. என் மகன் பகலிலேயே அந்தப் பக்கம் போகமாட்டான். போக நேர்ந்தால் என் கையைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடியபடி நடப்பான். விளக்கைத் தூக்கிப் பார்த்தேன். சந்தூக்கின் பின்னால், சுவரோடு சுவராக ஒடுங்கி அமர்ந்திருந்தான் அவன்.

அவனை வாரி எடுக்கத்தான் கையை நீட்டினேன். அவன் இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டான். “அடிக்காதீங்க அத்தா! காசு விழுந்துடுச்சு. நாளைக்குத் தேடித் தந்துடறேன்.”

ஆறு வயதுச் சிறுவன் உலகிலேயே மிகவும் அஞ்சிய பொருள் மையித்துச் சுமக்கும் அந்தப் பெட்டி. அதைவிட அதிகமாக அவன் அஞ்சியது ஒன்றே ஒன்று இருந்தது; அது விளக்கோடு அவன் எதிரில் நின்றது. நான் அந்த அறையின் தரையில் அப்படியே அமர்ந்துவிட்டேன். வெகுநேரம் கழித்து அவனே எழுந்து வந்து என் மடியில் அமர்ந்தான். வியர்த்திருந்த கையில் கசங்கிய வண்ணக் காகித விளக்கு ஒன்று. “ஒரு சொல்தா தாத்தா தந்தாரு” என்றான்.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. நான் பலமுறை பாடம் நடத்திய ஒரு நிகழ்ச்சி திரும்பத் திரும்ப நினைவில் எழுந்தது. ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றது அது. சிறுவராயிருந்த அனஸ் (ரலி) அவர்களை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு வேலையாக அனுப்பினார்கள். வழியில் கடைத்தெருவில் பிள்ளைகள் விளையாடுவதைக் கண்டு அனஸ் நின்றுவிட்டார். பின்னாலிருந்து யாரோ பிடரியைப் பற்றினார்கள். திரும்பிப் பார்த்தால் பெருமானார், முகத்திலோ சிரிப்பு. சொன்ன இடத்துக்குப் போனாயா என்று செல்லப் பெயரிட்டு அழைத்துக் கேட்டார்கள். இதோ போகிறேன் என்றார் அனஸ். அவ்வளவுதான். பத்தாண்டுகள் பணிவிடை செய்த தம்மை அவர்கள் ஒருமுறையேனும் ‘சீ’ என்று சொன்னதில்லை என்று அந்தச் சிறுவர் பிற்காலத்தில் சான்று பகர்ந்தார்.

இந்த ஹதீதின் அறிவிப்பாளர் வரிசையை நான் மனப்பாடமாகச் சொல்வேன். சொல்லுக்குச் சொல் இலக்கணம் கூறுவேன். வேலைக்கு அனுப்பிய பிள்ளை வேடிக்கை பார்க்க நின்றுவிட்டான் என்பதுதானே இரண்டு இடத்திலும் நிகழ்ந்தது? பின்னால் வந்த முகம்தான் வேறு. அனஸ் திரும்பிப் பார்த்தார். என் மகன் தலையை மூடிக்கொண்டான்.

மறுநாள் காலை பிரம்பை நான் முறித்தெறியவில்லை. அத்தகைய நாடகம் எனக்கு வராது. கொய்யா பறிக்க வைத்துக்கொள் என்று மகனிடமே கொடுத்துவிட்டேன். என் கோபமும் ஒரே இரவில் அகன்றுவிடவில்லை. குரல் உயர்ந்த நாள்கள் பல உண்டு. மக்தபில் இரைச்சல் கூடியது. “ஹஜ்ரத் இளகிவிட்டார்” என்று பெற்றோர் சிலர் குறைப்பட்டுக்கொண்டனர். பாடம் முன்னைவிட விரைந்து நடந்தது என்று சொன்னால் அது பொய். ஆனால் பாடம் வராத பிள்ளை, தனக்கு வரவில்லை என்று சொல்லத் தொடங்கினான். பாடம் கற்ற பின் பிள்ளையை விளையாட விட வேண்டும், இன்றேல் அதன் உள்ளம் மரத்துப்போகும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பே இஹ்யாவில் எழுதி வைத்ததன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

சில மாதங்கள் சென்றன. ஒரு நாள் மூன்றாமவள் என்னிடம் ஓடிவந்தாள். “அத்தா, தஸ்பீஹை நான்தான் அறுத்தேன். ஒரு மணி மூக்குக்குள்ளே போயிடுச்சு.” மூக்குப்பொடி வைத்தால் தும்மலோடு வந்துவிடும் என்றார் என் தாயார். நான் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மருத்துவர் சிறு கருவியொன்றால் நொடியில் எடுத்துவிட்டார். பிறகு சொன்னார்: “தும்மலுக்கு முன் மூச்சை உள்ளே இழுப்பாள், மணி இன்னும் உள்ளே போயிருக்கும். சொல்லாமல் மறைத்துப் பல நாள் கிடந்தாலும் சீழ் பிடித்திருக்கும். குழந்தை உடனே சொன்னது நல்லதாயிற்று.”

உடனே சொன்னாள்! ஆறு மாதத்துக்கு முன் என்றால் சொல்லியிருப்பாளா? பெட்டியடியில் மூன்று வாரம் கிடந்து இறுகிய ஏடுகள் என் கண்முன் வந்தன. நூல் ஒன்று போனால் வேறொன்று வாங்கலாம்.

பிள்ளைகள் செய்யும் தவறுகள் அஞ்சத்தக்கவை அல்ல; அவை மையோடும் மண்ணோடும் போய்விடும். அத்தவறுகளை நம்மிடமிருந்து மறைக்க அவர்கள் கற்றுக்கொள்கிறார்களே, அதுவே அஞ்சத்தக்கது. அதைக் கற்பிக்கும் ஆசிரியர் பெரும்பாலும் நாமே.

மகன் இப்போது தானே ஒரு தந்தை. அந்த இரவைப் பற்றி ஒருநாள் அவனிடம் கேட்டேன். விளக்கின் நிறம் அவனுக்கு நினைவிருக்கிறது; சந்தூக்கு மறந்துவிட்டது என்றான். எனக்கு மறக்கவில்லை.

சென்ற மாதம் நான் படித்துக்கொண்டிருந்த கிதாபைத் திறந்தபடி வைத்துவிட்டு ஒளுச் செய்யச் சென்றேன். திரும்பி வந்தபோது அவனுடைய மூன்று வயது மகள், தேநீர் சொட்டும் அந்தக் கிதாபை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு எனக்கு எதிரே நடந்து வந்தாள்.

“நன்னா, நான்தான் கொட்டினேன்” என்றாள்.

இருவருமாக முற்றத்தில் அமர்ந்து, ஏடு ஏடாகப் பிரித்து வெயிலில் உலர்த்தினோம்.