கிணத்து மோட்டாரும் பிக்கப் வண்டியும்

எங்க பிக்கப் வண்டி 2009 மாடல். மூணு வருஷத்துக்கு முன்னால என் மச்சினன்கிட்ட இருந்து வாங்கினது. பழைய டீசல் எஞ்சின், கம்ப்யூட்டர் கிம்ப்யூட்டர் ஒண்ணும் கிடையாது. மூலனூர்ப் பக்கம் எங்க காட்டுல காய்க்கிற முருங்கையை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கொண்டு போறதும், தவிடு புண்ணாக்கு ஏத்திக்கிட்டு வர்றதும் அதுலதான். ரெண்டு வருஷத்துக்கு மேல ஒரு குறை சொல்ல முடியாது.

போன மாசியில ஆரம்பிச்சது வினை. விடிகாலையில லோடோட பாலத்து மேட்டுல ஏறுறேன், வண்டி திக்க ஆரம்பிச்சது. சீரா ஓடுற எஞ்சின் நடுவுல ஒரு அடி விட்டு ஓடும். மெக்கானிக்குங்க இதை மிஸ்ஸிங்னு சொல்லுவாங்க. ஆக்சிலேட்டரை மிதிச்சா இழுவை இல்லை, வண்டி குலுங்குது. மேடு தாண்டி இறக்கத்துல போனதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. அன்னிக்கு மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரும்போது ஏலம் முடியற நேரம். கேட்ட விலைக்குத் தள்ளிட்டு வந்தேன்.

எப்பவும் மிஸ்ஸிங் அடிச்சா மெக்கானிக் சுலபமாப் பிடிச்சுடுவார். இந்த மாதிரி நேரம் பார்த்து வர்றதுதான் கஷ்டம். நம்ம தம்பி எஞ்சினை ஓட விட்டு, நாஸிலுக்குப் போற டீசல் பைப்போட நட்டை ஒவ்வொண்ணாத் தளர்த்திப் பார்த்தார். நல்லா வேலை செய்யற சிலிண்டர்னா நட்டைத் தளர்த்தினதும் சத்தம் மாறும். மாறலைன்னா அந்தச் சிலிண்டர்தான் படுத்திருக்குன்னு அர்த்தம். நாலுமே சத்தம் மாறுச்சு. நாலும் நல்லாத்தான் இருக்கு! (இப்ப வர்ற காமன் ரெயில் வண்டியில யாரும் இப்படிச் செஞ்சு பார்த்துடாதீங்க. அதுல இருக்கற அழுத்தத்துக்கு டீசல் தோலைக் கிழிச்சு உள்ள போயிடும்.)

முதல்ல டீசல் பில்டர் மாத்தினோம். ஏர் எடுத்து விட்டார். நாலு நாள் நல்லா ஓடிச்சு, அஞ்சாம் நாள் மறுபடி திக்கல். அப்புறம் நாஸில் நாலையும் கழட்டிக் கொண்டு போய்ச் சரி பண்ணினோம், 6,400 ரூபாய். ஒரு வாரம் ஓடிச்சு. அப்புறம் பீடு பம்ப், 2,200 ரூபாய். அதுவும் ஒரு வாரம். ஒவ்வொரு தடவையும் சரியான மாதிரி இருக்கும், அப்புறம் வந்துடும். கோயமுத்தூர்ல வேலை பார்க்கற பையன், "வித்துருங்கப்பா, வேற பார்க்கலாம்"னான். விக்கறதுன்னா இந்தக் குறையைச் சொல்லித்தானே விக்கணும்?

இங்கதான் நான் ஒரு தப்பு செஞ்சேன். சித்திரையில மச்சினன் வீட்டுக் குலதெய்வக் கோயில்ல கிடா விருந்து. பந்தியில உட்கார்ந்திருக்கும்போது யாரோ, "வண்டி எப்படி ஓடுதுங்க?"ன்னு கேட்டாங்க. அன்னிக்குக் காலையிலயும் வழியில நின்னுட்டு வந்த எரிச்சல். "சொந்தக்காரன்னு நம்பி வாங்கினேன், ஓட்டையைத் தலையில கட்டி விட்டுட்டான்"னு சொல்லிட்டேன். பத்துப் பேர் காதுல விழுந்துச்சு. பரிமாறிக்கிட்டு இருந்த மச்சினன் காதுலயும்தான். அவன் ஒண்ணும் பேசலை. குழம்பு வாளியைப் பக்கத்துல இருந்தவன்கிட்டக் கொடுத்துட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் அவன் எங்க வீட்டுப் பக்கம் வரலை. அக்கா வீட்டுக்கு வாரம் ஒருக்கா வந்தவன். வீட்டுக்காரி என்னைத் திட்டவும் இல்லை, அதான் சங்கடம்.

எங்க வீட்டுல கிணத்து மோட்டாருக்குன்னு ஒரு நோட்டு உண்டு. மும்முனைக் கரண்ட் எப்ப வந்தது, எத்தனை மணி நேரம் ஓடிச்சு, எந்தப் பாத்திக்குப் பாஞ்சுதுன்னு எழுதி வைப்பேன். அதே நோட்டோட கடைசிப் பக்கத்துல வண்டிக்கும் எழுத ஆரம்பிச்சேன். தேதி, லோடா காலியா, மேடா சமமா, எஞ்சின் சூடா இல்லையா, டீசல் முள் எங்க இருக்கு, எல்லாம். மூணு வாரம் எழுதினேன். லோடு இருந்தாத்தான் வருதுன்னு நினைச்சேன், காலியாப் போகும்போதும் ரெண்டு தடவை வந்திருந்துச்சு. சூட்டுலதான் வருதுன்னு நினைச்சேன், விடிகாலையிலயும் வந்திருந்துச்சு.

ஒருநாள் வீட்டுக்காரி நோட்டை எடுத்துப் பார்த்துட்டு, "மிஸ்ஸிங்னு போட்ட அன்னிக்கெல்லாம் டீசல் கம்மியாத்தானுங்க இருந்திருக்கு"ன்னா. வாங்கிப் பார்த்தேன். ஒன்பது தடவை வந்திருக்கு. ஒன்பதும் முள் பாதிக்குக் கீழ இருக்கும்போது, அதுவும் மேடு ஏறும்போது.

அப்பத்தான் எனக்குக் கிணத்து மோட்டார் ஞாபகம் வந்துச்சு.

பட்டணத்துல இருக்கறவங்களுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்றேன். கிணத்து மேல வைக்கிற மோட்டார் ஒருபக்கம் தண்ணியை உறிஞ்சும், மறுபக்கம் தள்ளும். தள்ளுற பைப்புல ஓட்டை இருந்தா தண்ணி பீய்ச்சி அடிக்கும், குழந்தை கூடக் கண்டுபிடிச்சுடும். உறிஞ்சற பைப்புல ஓட்டை இருந்தா ஒரு சொட்டுத் தண்ணி வெளிய வராது. வெளிக்காத்து உள்ள போகும், மோட்டார் சும்மா சுத்தும். கிணத்துல தண்ணி மேல இருக்கிற வரைக்கும் அந்தச் சின்ன ஓட்டை தெரியாது. கோடையில தண்ணி கீழ இறங்க இறங்க, மோட்டார் பலமா உறிஞ்சணும், அப்பத்தான் காத்தும் கூட வரும். இணைப்புல சாணியைப் பூசி எத்தனை தடவை ஓட்டியிருக்கேன்! முப்பது வருஷமா இந்த வேலையைப் பார்த்தவனுக்கு வண்டின்னதும் புத்தி போகலை பாருங்க.

வண்டியிலயும் அதே கதைதான். டேங்குல இருந்து டீசலை உறிஞ்சறது எஞ்சின்ல இருக்கற பீடு பம்ப். அதைத் தாண்டிப் பில்டர் பக்கம் ஒழுகினா எஞ்சினெல்லாம் நனையும். டேங்குக்கும் பீடு பம்புக்கும் நடுவுல ஓட்டைன்னா ஒரு சொட்டு கூடத் தெரியாது. டேங்கு நிறைஞ்சிருந்தா கஷ்டமில்லாம வரும். டீசல் இறங்கிட்டா, அதுலயும் மேட்டுல வண்டி மூக்கைத் தூக்கி எஞ்சின் உசரமாயிட்டா, இன்னும் பலமா உறிஞ்சணும். காத்து நுழைஞ்சுடும்.

ஏன் ஒவ்வொரு ரிப்பேருக்கு அப்புறமும் சில நாள் நல்லா ஓடிச்சுன்னும் விளங்குச்சு. ஒர்க் ஷாப்புக்குப் பக்கத்துலதான் பெட்ரோல் பங்க். டவுனுக்கு வந்தாச்சுன்னு போகும்போதெல்லாம் டேங்கை ரொப்பிக்கிட்டு வருவேன்! தம்பியும் ஏர் எடுத்து விட்டுடுவார். அந்தப் பேரை நாஸிலும் பீடு பம்பும் வாங்கிக்கிச்சு.

தம்பிகிட்டப் போய்ச் சொன்னேன். சிரிக்கலை, யோசிச்சார். டேங்கு பைப்பைக் கழட்டிட்டு, அஞ்சு லிட்டர் கேன்ல டீசல் ஊத்தி உசரமாக் கட்டி, அதுல இருந்து நேரா பீடு பம்புக்குக் கொடுத்தார். ரிட்டர்ன் பைப்பையும் அதே கேன்ல விட்டார். பாலத்து மேட்டுல நாலு தடவை ஏறி இறங்கினோம். ஒரு திக்கல் இல்லை. அப்புறம் பழையபடி டேங்கு பைப்பை மாட்டி, பம்புக்கு முன்னால கொத்தனார் மட்டம் பார்க்கற டியூப்பு ஒரு துண்டு வச்சார். ஓட விட்டதும் கலர் சோடா மாதிரி உள்ள குமிழ் குமிழா ஓடுது. என் கண்ணால பார்த்தேன்.

ஓட்டை இருந்தது டேங்குக்கு மேல, ரப்பர் ஹோஸ்ல. குனிஞ்சு கையை விட்டாத்தான் தெரியும். கருகின மாதிரி மிளகளவு ஒரு புள்ளி, நடுவுல வெடிப்பு. தம்பி, "இங்க எப்பங்ணா வெல்டிங் வச்சீங்க?"ன்னு கேட்டார்.

மார்கழியில. பின்னாடி அடித்தகரம் துருப்பிடிச்சதுன்னு நானே கொண்டு போய் வெல்டிங் வச்சேன். ஈரச் சாக்கு போட்டு மூடித்தான் செஞ்சாங்க. ஏதோ ஒரு பொறி தெறிச்சிருக்கு. தோல் கருகி, ரெண்டு மாசம் வெயில்ல காஞ்சு வெடிச்சிருக்கு. மச்சினன் கொடுத்த வண்டியில அந்த ஓட்டை இல்லை.

ஹோஸ் 120 ரூபாய். அதுக்கப்புறம் முள் அடியில இருக்கும்போதும் லோடோட மேடு ஏறிப் பார்த்துட்டேன், திக்கலே இல்லை.

கருகின ஹோஸ் துண்டை எடுத்துக்கிட்டு மச்சினன் வீட்டுக்குப் போனேன். திண்ணையில உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சரி விடுங்க மாமா, வண்டி ஓடுதுல்ல"ன்னான். காப்பி கொடுத்தாங்க, குடிச்சுட்டு வந்தேன். ஆனா அவன் இன்னும் எங்க வீட்டுக்கு வரலை.

வீட்டுக்காரிகிட்டக் கேட்டேன். "பந்தியில சொன்னதைத் திண்ணையில சொன்னாச் சரியாப் போச்சுங்களா?"ன்னா.

வர்ற ஆவணியில எங்க கோயில்ல கிடா வெட்டறோம். அன்னிக்கு இருந்த பத்துப் பேரும் வருவாங்க. மச்சினனையும் நேர்ல போய் அழைச்சுட்டேன். மோட்டார் நோட்டுல அந்தத் தேதியைக் குறிச்சு, ஹோஸ் துண்டையும் அதுக்குள்ளயே வச்சிருக்கேன்.