முத்திரைக்கு எவ்வளவு விலை?

நீந்தி, மிதிவண்டி ஓட்டி, பின்னர் ஓடவும் வேண்டிய 'அயர்ன்மேன்' போட்டி 1978-இல் ஹவாயில் தொடங்கியபோது கலந்துகொண்டோர் 15 பேர். முடித்தோர் 12 பேர். இன்று அப்பெயர் ஒரு நிறுவனத்தின் வணிகச் சொத்து. 2019-இல் அதன் அரைத்தூரப் போட்டி கோவாவுக்கும் வந்தது: 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. மிதிவண்டி, 21.1 கி.மீ. ஓட்டம்.

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு மிதிவண்டியில் ஏறிப் பயிலும் என் தமக்கை மகன், கோவா செல்லப் பணம் சேர்க்கிறான். "பெயரில்லாப் போட்டியின் பதக்கத்தை யார் மதிப்பார், மாமா?" என்கிறான். மலைச்சாலையின் வளைவுகள் எவர் முத்திரையையும் கேட்பதில்லையே! கடலில் நீந்துவோருக்குக் காவற்படகும் மருத்துவரும் இன்றியமையாதவை. அதற்கான செலவை வீண் என்னேன். அவற்றைச் செவ்வனே அமைக்கும் சிறு போட்டி அருகில் இருப்பின், அதுவே போதும் என்பேன். விமானம், விடுதி, மிதிவண்டியை அனுப்பும் கூலி எல்லாம் அவன் கணக்கில் உள்ளன. தங்கையின் கல்லூரிக் கட்டணத்தை அவன் இன்னும் எழுதவில்லை.