ஜன்னலில் ஒரு ரேடியோ

அப்பாவுக்கு இடது கண்ணில் கண்புரை ஆபரேஷன். குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, கொஞ்ச நாளைக்கு டி.வி., பேப்பர் எதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலு நாள் லீவு போட்டுவிட்டு கீழ்பென்னாத்தூர் போயிருந்தேன். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற ரோட்டில் இருக்கிற ஊர்.

எனக்கும் அப்பாவுக்கும் பேச்சு எப்போதும் சில்லறைக் கணக்குதான். 'சாப்ட்டியா', 'பஸ் கெடைச்சுதா', 'மழை உண்டா'. மூன்றாவது கேள்வி முடிந்ததும் இரண்டு பேரும் சீலிங் ஃபேனைப் பார்ப்போம். அவர் சொன்னாரே என்று பி.காம். படித்தேன். முடித்த கையோடு பத்திரிகைக்குப் போனேன். ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை மனுஷன். அதற்கப்புறம் பேசினார். ஆனால் அந்த ஒரு வருஷம் நடுவில் அப்படியே நின்றுகொண்டிருக்கிறது.

முதல் நாள் காலை பத்து மணிக்கே எங்களிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. பச்சைக் கண்ணாடியோடு கட்டிலில் படுத்திருந்தவர் கேட்டார்: "செல்போன்ல ரேடியோ வருதாமே, போடேன்."

எனக்கு 1991-ம் வருஷத்து மே மாதம் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. பெரிய லீவில் அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை. வெளியாள் உள்ளே வரக் கூடாது. புத்தகம் படித்தால் கண்ணுக்கு ஆகாது என்று ஆயா தடா போட்டுவிட்டாள். அப்பாதான் தன் ரேடியோவைக் கொண்டுவந்து என் பாய்க்கு மேலே ஜன்னல் கட்டையில் வைத்தார். அதை யாரும் தொட விடமாட்டார். அன்றைக்கு எனக்கே கொடுத்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை, வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்கு முன்னால் எனக்கு ரேடியோ என்றால் பாட்டு. பாட்டுக்கு சிலோன், பேச்சுக்கு ஆகாசவாணி என்றுதான் ஊரே பிரித்து வைத்திருந்தது. பேச்சு வந்தால் ஓடிவிடுவேன். இப்போது ஓட முடியாது. விடிந்ததிலிருந்து படுக்கிறவரை பேச்சுதான்.

விடியற்காலையில் அந்த ட்யூன். அதை அமைத்தவர் வால்டர் காஃப்மன், ஹிட்லருக்குத் தப்பி பிராகிலிருந்து பம்பாய் வந்த ஒரு யூதர் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் சம்ஸ்கிருதச் செய்தி. 'இயம் ஆகாசவாணி' தவிர ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் 'ப்ரவாசகஹ பலதேவானந்த சாகரஹ' என்பதைத் தமிழ்நாட்டில் பாதிப் பேர் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆயா கைகூப்பிக் கேட்பாள். சாமி விஷயம் என்று நினைப்பு!

ஏழேகாலுக்கு டெல்லியிலிருந்து 'செய்திகள், வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி'. பம்பாயில் வளர்ந்து டெல்லியில் உட்கார்ந்து வாசித்த அந்தக் குரலில் ஒரு பிசிறு இருக்காது. அப்புறம் தென்கச்சி கோ. சுவாமிநாதனின் 'இன்று ஒரு தகவல்'. வேளாண்மை படித்துவிட்டு வானொலியின் பண்ணைப் பிரிவுக்கு வந்தவர் அவர். உரத்தைப் பற்றிப் பேசுகிற அதே குரலில் ஜோக் சொல்வார். அவர் சிரிக்கமாட்டார், நமக்குத் தாங்காது. கொப்புளம் வெடிக்கப்போகிறது என்று ஆயா என் வாயைப் பொத்தினாள்.

மத்தியானம் மகளிர் நிகழ்ச்சி. எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கேட்டேன். இன்றைக்கும் எனக்கு ஊறுகாய் போடத் தெரியும்.

வானிலை அறிக்கை தனி ரகம். மீனவர்களுக்கு எச்சரிக்கை வரும்போதெல்லாம் ஆயா வேலையை நிறுத்திவிடுவாள். கடலைக் கண்ணால் பார்த்ததில்லை அவள். "யார் பெத்த புள்ளைங்களோ, போகாம இருக்கணும்" என்பாள்.

அப்பாவுக்கு வேண்டியது சந்தை நிலவரம். மல்லாட்டை மண்டியில் கணக்கு எழுதியவர். (எங்கள் பக்கம் நிலக்கடலையை மல்லாட்டை என்போம்.) காதில் இருக்கும் பென்சிலை எடுத்து, பழைய டைரியில் விலைகளைக் குறித்துக்கொள்வார். உளுந்து, துவரை, கடலெண்ணெய். காமர்ஸில் என் முதல் பாடம் அதுதான். பி.காம். மூன்று வருஷத்தில் சொல்லிக்கொடுத்தது அவ்வளவாக மனசில் நிற்கவில்லை.

சாயங்காலம் பண்ணை நிகழ்ச்சி. நகரத்தில் இருப்பவர்கள் இதைக் கிண்டல் செய்வார்கள். 1960-களில் ஏ.டி.டி. 27 என்ற நெல்லைத் திருச்சி வானொலி விடாமல் பேசிப் பேசித் தஞ்சாவூர் வயல்களில் இறக்கியது. விவசாயிகள் அந்த நம்பரை விட்டுவிட்டு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பேச்சைக் கேட்டு நெல் மாறியிருக்கிறது. எந்த விளம்பரத்துக்கு இந்த மரியாதை கிடைத்தது?

அப்படி ஒரு வாரம். 21-ம் தேதி ராத்திரி நாடகம் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.

22-ம் தேதி காலையில் ரேடியோவைத் திருகினால் பேச்சு இல்லை. ஒரே வீணை, ஷெனாய். ஸ்டேஷன் மாறிவிட்டது என்று முள்ளை நகர்த்தினேன். எங்கே போனாலும் அதேதான். அப்புறம் செய்தி வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டுவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் தெரு ஜனம் எங்கள் வீட்டு வெளியே வந்து நின்றது. அம்மை வீடு, உள்ளே வர முடியாது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருபது பேர். அப்பா வெளியிலிருந்தே, "டேய், அதைத் தெருப் பக்கம் திருப்பி வை. சவுண்ட் வை" என்றார். திருப்பி வைத்தேன். அப்புறம் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. கடைசியில் நிற்கிறவர்களுக்கும் கேட்கவில்லை. "இன்னா சொல்றான், இன்னா சொல்றான்" என்றார்கள். நான் காதை ரேடியோவின் முதுகில் வைத்துக் கேட்டு, ஒவ்வொரு வாக்கியமாக உரக்கத் திருப்பிச் சொன்னேன். உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு வார்த்தை விட்டுவிட்டால், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பா, "முழுசா சொல்லு" என்றார்.

பத்திரிகைக்கு ஏன் போனாய் என்று பிற்பாடு அவர் கோபப்பட்டபோது, நான் இதைச் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

சரி, கட்டிலுக்கு வருகிறேன். 'நியூஸ் ஆன் ஏர்' செயலியை இறக்கினேன். ஆகாசவாணியின் நிலையங்கள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. முள்ளைத் திருக வேண்டாம், கரகரப்பு இல்லை. அப்பா ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். யாரோ ஒரு டாக்டர் சர்க்கரை வியாதி பற்றிப் பேசினார். யாரோ ஒரு பேராசிரியர் சங்க இலக்கியம் பேசினார். "சரோஜ் நாராயணஸ்வாமி இருக்காங்களா?" என்று கேட்டார். "2022-ல தவறிட்டாங்கப்பா." "தென்கச்சி?" "அவரு 2009-லயே." ம்... என்றார். அதற்கப்புறம் யாரைப் பற்றியும் விசாரிக்கவில்லை.

மத்தியானம் ஒருவர் ஆடு வளர்ப்புக் கடன் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, 'ஆகவே, நீங்கள்...' என்கிற இடத்தில் நெட் நின்றுவிட்டது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இன்னா சொல்ல வந்தான்?"

"தெரியலப்பா. நெட் இல்ல."

கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தோம்.

"பேப்பர்ல மல்லாட்டை வெல போட்டிருக்கானா பாரு" என்றார்.

மாவட்டப் பக்கத்தில் இருந்தது. கடகடவென்று படித்தேன்.

"இன்னாத்துக்கு ஓட்றே? எழுதிக்கிறவனுக்கு டைம் வேணாமா? முதல்லேர்ந்து படி."

முதலிலிருந்து, நிறுத்தி நிறுத்திப் படித்தேன். அவர் கையில் பென்சிலும் இல்லை, டைரியும் இல்லை. ஆட்காட்டி விரல் மட்டும் போர்வை மேல் நகர்ந்துகொண்டிருந்தது.