எத்தனை நாள் இங்கே இல்லை?

லண்டன் ஈஸ்ட் ஹாமில் குடியேற்ற ஆலோசகராக உட்கார்ந்திருக்கும் என்னிடம் ஐ.எல்.ஆர். (பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) விண்ணப்பிக்க வருகிறவர்கள், முதலில் சம்பளச் சீட்டுகளை எடுத்து வைப்பார்கள். அடுத்து ‘லைஃப் இன் தி யு.கே.’ தேர்வு பாஸான தாள். நான் கேட்பது பாஸ்போர்ட்டுகளை. காலாவதியான பழையதும் வேண்டும். ஐந்து வருடத்தில் எத்தனை நாள் இந்த நாட்டில் இல்லை என்றால், “அதிகமில்லை சார், வருஷத்துக்கு ஒருதரம் ஊருக்குப் போவோம்” என்பார்கள். எதற்குப் போனோம் என்பது எல்லோருக்கும் நன்றாக நினைவிருக்கிறது: தங்கை கல்யாணம், அப்பாவுக்கு ஆஞ்சியோ, மனை பத்திரப்பதிவு. எந்தத் தேதியில் என்றால் விழிப்பார்கள். விதிக்கு வேண்டியது அநேகமாகத் தேதி மட்டும்தான். எங்கள் தொழிலின் சிரமமெல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஸ்கில்டு வொர்க்கர் என்ற வேலை விசாவில் வந்தவர்களுக்கு விதி சொல்வது இதுதான். விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து வருடத்துக்குள் எந்தப் 12 மாதத்தை எடுத்தாலும் 180 நாளுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. கிளம்பிய நாளும் திரும்பிய நாளும் கணக்கில் வராது. இடையில் உள்ள முழு நாட்கள் மட்டும். கம்பெனி அனுப்பிய பயணம் சேராது என்று பலர் நினைக்கிறார்கள். பெங்களூரு அலுவலகத்தில் மூன்று மாதம் வேலை பார்த்திருந்தாலும் அது வெளியே இருந்த நாள்தான். விசா கிடைத்த பிறகு சாமான் கட்டிக்கொண்டு ஊரிலேயே இருந்த நாட்களும் அப்படியே.

தேதி கண்டுபிடிப்பது ஒரு தனி வேலை. பிரிட்டனை விட்டுப் போகும்போது முத்திரை குத்துவதில்லை. உள்ளே வரும்போது குத்திய முத்திரை இருக்கலாம், சிலசமயம் பாதி மை விழாமல். ஆகவே கிளம்பிய தேதிக்கு இந்திய முத்திரையைத்தான் பார்க்க வேண்டும். ஹீத்ரோவில் மதியம் ஏறியவர் மீனம்பாக்கத்தில் இறங்கும்போது மறுநாள் விடியற்காலை. பாஸ்போர்ட்டில் 11 என்றிருந்தால் லண்டனை விட்டது 10. அதைக் கவனிக்காமல் எழுதினால் பயணத்துக்கு ஒரு நாள் பிசகும். 177, 178 என்று விளிம்பில் நிற்பவருக்கு அந்த ஒரு நாள் சின்ன விஷயமல்ல. டிக்கெட் மின்னஞ்சல், அலுவலக லீவு பதிவேடு, வங்கிக் கணக்கில் தி.நகர் ஜவுளிக்கடையில் அட்டை தேய்த்த தேதி, எல்லாவற்றையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்ப்பேன். அப்படியும் இடைவெளி இருந்தால் குடியேற்றத்தைக் கையாளும் ஹோம் ஆபீஸிடமே அவரைப் பற்றிய பதிவுகளைக் கேட்டு வாங்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. இந்தத் துறையில் இலவசமாகக் கிடைப்பது அபூர்வம் என்பதால் சொல்கிறேன்.

தமிழ்க் குடும்பங்களில் 180ஐத் தாண்ட வைப்பது பெரும்பாலும் சுற்றுலா அல்ல, தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு, அப்புறம் தாய்வீடு. ஒன்பதாம் மாதம் நெருங்கிவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் முன்கூட்டியே கிளம்பியாக வேண்டும். குழந்தை பிறந்தபின் பிறப்புச் சான்றிதழ், அதற்கொரு பாஸ்போர்ட், அதற்கு விசா. அம்மா விடுவதாக இருந்தாலும் காகிதம் விடாது.

இப்படி ஒரு கணக்கு என் மேசைக்கு வந்தது. கணவரின் வேலை விசாவோடு சேர்ந்த விசா மனைவிக்கு. இருவருக்கும் 2018 பிப்ரவரி 1 முதல். பிரசவத்துக்கு அவர் செப்டம்பர் 1 கிளம்பி 2019 ஜனவரி 30 திரும்பினார்: 150 நாள். பிறகு குலதெய்வம் கோவிலில் குழந்தைக்கு மொட்டை. ஜூன் 10 போய் ஜூலை 21 வந்தார்: 40 நாள். விசா வருடப்படி பிரித்தால் முதல் வருடம் 150, இரண்டாம் வருடம் 40. பார்க்க அழகாக இருக்கிறது. செப்டம்பரிலிருந்து ஆகஸ்ட் வரை ஓடும் 12 மாதத்தை வைத்தால் 190.

“மனைவி கணக்கை யாரும் பார்க்க மாட்டாங்க” என்று அவர்களுக்கு ஒரு உறவினர் சொல்லியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் காலத்தில் அப்படித்தான் இருந்தது. 2018 ஜனவரி 11க்கு முன் கொடுத்த விசாக்களில் இப்படி உடன் வரும் துணைக்கு இந்த வரம்பு கிடையாது. வேலை விசாக்காரருக்கும் வருடத்தை நிலையாகப் பிரித்துத்தான் எண்ணினார்கள். இந்தத் தம்பதியின் விசா மூன்று வாரம் பிந்தியது. கல்யாண வீட்டுப் பந்தியில் கிடைக்கும் குடியேற்ற ஆலோசனைக்கு நான் பயப்படுவது இதனால்தான். சொல்பவர் தன் அனுபவத்தைத்தான் சொல்கிறார். விதி மாறியது அவருக்குத் தெரியாது. (பதிவு பெறாதவர் தொழிலாக ஆலோசனை சொன்னால் இங்கே குற்றம். பந்தியில் சொன்னால் குற்றமில்லை, என்ன செய்வது.)

காரணத்துக்கு இடமே இல்லையா என்றால், ஒரு சின்னக் கதவு இருக்கிறது. நெருங்கிய உறவினரின் மரணம், உயிருக்கு ஆபத்தான நோய், பேரிடர், போர், பெருந்தொற்று. 2020இல் விமானங்கள் நின்று ஊரில் மாட்டிக்கொண்டவர்களை இந்தக் கதவு வழியாகத்தான் கொண்டுவந்தோம். அப்பாவுக்குப் பக்கவாதம் என்றால் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, அதில் தேதி, டாக்டர் கையெழுத்து என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். சாதாரணப் பிரசவம் இந்தக் கதவுக்குள் நுழையாது. அது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் என் அபிப்பிராயத்தை இணைத்து விண்ணப்பம் அனுப்ப முடியாது.

அந்தப் பெண்ணுக்குச் செய்ததெல்லாம் தேதியைத் தள்ளியதுதான். ஐந்து வருடம் பின்னோக்கி எண்ணப்படுவது. 2023 பிப்ரவரியில் கணவரோடு சேர்ந்து விண்ணப்பிக்காமல் செப்டம்பர் நடுவில் விண்ணப்பித்தால், 2018 செப்டம்பரின் முதல் இரண்டு வாரம் கணக்குக்கு வெளியே விழுந்துவிடும். 190 என்பது 180க்குள் வரும். அதுவரை விசாவை நீட்டிக்க வேண்டும், அப்போது வருடத்துக்கு 624 பவுண்டு வீதம் ஹெல்த் சர்சார்ஜ் என்ற மருத்துவக் கட்டணம் வேறு. கணவர் முகம் சுருங்கியது. “அண்ணா, பத்து நாளுக்கா இவ்வளவு?” என்றார். நிராகரித்தால் ஐ.எல்.ஆர். கட்டணம் திரும்பி வராது என்றேன். தள்ளினார்கள்.

ஐ.எல்.ஆர். வந்ததும் நாள் எண்ணும் வேலை ஓய்ந்தது என்று டிக்கெட் போடுகிறவர்கள் உண்டு. தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் அதுவும் போய்விடும். குடியுரிமைக்கு வரம்பு வேறு: ஐந்து வருடத்தில் 450 நாள், கடைசி 12 மாதத்தில் 90. கூடவே இன்னொன்று: விண்ணப்பம் சேரும் தேதிக்குச் சரியாக ஐந்து வருடம் முந்தைய நாளில் அவர் பிரிட்டன் மண்ணில் இருந்திருக்க வேண்டும். மற்ற எண்ணிக்கையில் அதிகாரி கொஞ்சம் இறங்கி வரலாம். இதில் இறங்கி வருவதை எதிர்பார்க்க முடியாது. அதனால் படிவத்தை நிரப்பிவிட்டு, அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் அந்தப் பழைய நாளுக்குரிய பாஸ்போர்ட் பக்கத்தை இன்னொரு முறை திறக்கச் சொல்வேன். அன்றைக்கு அவர் திருச்சியில் இருந்திருந்தால், அவர் திரும்பி வந்த தேதிக்கு ஐந்து வருடம் ஆகும்வரை படிவம் மேசையிலேயே இருக்கும்.