குறுமரங்களும் குறும்புப் பிராணிகளும்

தோக்கியோவுக்கு வடக்கே, சைதாமா நகரத்தைச் சேர்ந்த ஓமியாவில், போன்சாய் என்னும் குறுமரங்களை வளர்ப்பதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்டவர்கள் வாழும் பேட்டை ஒன்று இருக்கிறது. 1923-ஆம் ஆண்டின் பெரும் பூகம்பத்தில் தோக்கியோ சீர்குலைந்தபின், அந்நகரின் தங்கோசகாப் பகுதியில் தொழில் நடத்திவந்த தோட்டக்காரர்கள் சிலர், விசாலமான நிலத்தையும் நல்ல நீரையும் காற்றையும் நாடி, 1925-இல் இங்கே வந்து குடியேறினார்கள். 1928-இல் தங்களுக்கென்று சில நியமங்களையும் வகுத்துக்கொண்டார்கள்: ஒவ்வொருவரும் குறைந்தது 10 குறுமரங்களாவது வைத்திருக்க வேண்டும், தோட்டத்தை எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டும், மாடி வீடு கட்டலாகாது, மதிலுக்குப் பதிலாகச் செடிவேலியே இருக்க வேண்டும். மனிதர்களை உத்தேசித்து இயற்றப்பட்ட இந்த விதிகளால் பூனைக்கும் காகத்துக்கும் எவ்வளவு அனுகூலம் விளைந்திருக்கிறது என்பதை, ஜூன் மாதத் தொடக்கத்தில் அங்குள்ள தோட்டம் ஒன்றில் பகற்பொழுதைக் கழித்தபோது நேரிலேயே கண்டேன்.

தோட்டத்துக்கு உரியவரை, அவரிடம் தொழில் பயிலும் இளைஞர்கள் ‘ஓயாகாதா’ என்று அழைக்கிறார்கள். தோக்கியோவில் உத்தியோகம் பார்க்கும் தமிழ் நண்பர் ஒருவர் எனக்குத் துபாஷியாக உடன் வந்திருந்தார். நீர் ஊற்றக் கற்பதற்கே மூன்று ஆண்டு என்பது இத்தொழிலில் வழங்கும் பேச்சு. ஆனால் நீர் ஊற்றப் போகும் மாணவன், குழாயைக் கையில் எடுப்பதற்கு முன் தொட்டிகளை வைத்திருக்கும் பலகைகளின் ஊடே மெதுவாக நடந்து, இரவில் எந்தப் பிராணி எங்கே வந்து என்ன செய்துவிட்டுப் போயிருக்கிறது என்று பார்த்துவர வேண்டும் என்பதை நான் அங்கேதான் அறிந்தேன். தரையில் வேரோடிய மரத்தை ஒரு நாய் நனைத்துவிட்டுப் போனால், சிறுநீரின் உப்பு நாலு மழையில் மண்ணோடு கரைந்து போய்விடும். நாலு விரற்கடை ஆழமுள்ள பீங்கான் தட்டிலோ, அது பரவ இடம் இல்லாமையால், நேரே வேரையே சுட்டுவிடும். நூறு வயதைக் கடந்த மரமும் இந்த ஒரு விஷயத்தில் பச்சைக் குழந்தைதான்.

அன்று காலை, வெள்ளைப் பைன் ஒன்றின் அடியில் படர்ந்திருந்த பாசி இரண்டு மூன்று இடங்களில் பிய்த்துப் புரட்டப்பட்டு, அகாதாமா என்னும் செம்மண் குருணை வெளியே சிதறிக் கிடந்தது. காகத்தின் வேலை என்று மாணவன் சலித்துக்கொண்டான். ஓயாகாதா சலித்துக்கொள்ளவில்லை. மூங்கில் குச்சி ஒன்றை எடுத்து, பறவை கொத்திய இடத்திலேயே மண்ணை மெல்லக் கிளறி, சுருண்டு கிடந்த வெள்ளை வேர்ப்புழு ஒன்றை வெளியே எடுத்து எங்களுக்குக் காட்டினார். வண்டு இட்ட முட்டையிலிருந்து பிறந்து, மண்ணுக்குள் ஒளிந்திருந்து, மெல்லிய வேர்களையெல்லாம் தின்று மரத்தைச் சத்தமில்லாமல் சாகடிக்கும் ஜந்து அது. “காகம் காரணமில்லாமல் தோண்டாது” என்று மட்டும் சொன்னார். பிறகு பாசித் துண்டுகளைப் பொறுக்கி நனைத்து இருந்த இடத்திலேயே பரப்பி, இடுக்கியின் தட்டையான பின்முனையால் அழுத்தி, வளைத்த கம்பித் துண்டுகளால் இறுக்கி, பாசி வேர்பிடிக்கும் வரையில் இருக்கட்டும் என்று அதன்மேல் கறுப்பு வலை ஒன்றைப் போர்த்தினார். காகத்தை விரட்ட ஒரு சாதனமும் வைக்கச் சொல்லவில்லை. பக்கத்துத் தொட்டிகளிலும் புழு தேடும்படி மாணவனைப் பணித்தார்.

இந்தச் சிறு சம்பவத்திலேயே அவருடைய யுக்தி முழுவதும் அடங்கியிருந்தது என்று சொல்லலாம். பிராணி எதுவும் மரத்தைத் தேடி வருவதில்லை. மரத்தின் பக்கத்திலுள்ள ஏதோ ஒரு வஸ்துவைத் தேடியே வருகிறது. அந்த வஸ்து இன்னதென்று கண்டுகொண்டு, அதை மறைப்பதோ அல்லது வேறிடத்தில் கொடுப்பதோதான் வளர்ப்பவன் செய்யத்தக்கது என்பது அவர் கொள்கை. அந்தத் தெருவில் வேறோரிடத்தில், பூனை வராதிருக்கும்பொருட்டு, தண்ணீர் நிரப்பிய நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டில்களை வரிசையாக வைத்திருந்ததைப் பார்த்தேன். ஜப்பானில் பரவலாகக் காணும் வழக்கம் அது. அதைப் பற்றிக் கேட்டபோது அவர் சிரித்தார். பூனை அதைப் பொருட்படுத்துவதில்லை. வெயிலைக் குவித்துத் தீ மூட்டிய பாட்டில்கள்தாம் உண்டு. பூனைக்கு வேண்டியது காலால் குழி பறிப்பதற்கு இசைவான, உலர்ந்த, பொலபொலப்பான மண். செம்மண் குருணை அதற்கு வெகு பொருத்தமாக அமைந்துவிட்டது. ஆகையால் வேலியோரத்தில் அகன்ற பெட்டி நிறைய மணலைக் கொட்டி அதற்கென்றே விட்டிருக்கிறார். பூனை பலகைமேல் தாவும்போது தொட்டி உருளாதிருக்க, புயற்காற்றுக்குச் செய்வது போலவே, தொட்டிகளைப் பலகையோடு கயிற்றால் பிணைத்திருக்கிறார்.

உரத்தின் விஷயம் இன்னும் கடினமானது. கடுகினத்து எண்ணெய் வித்தின் பிண்ணாக்கையும் எலும்புத் தூளையும் புளிக்கவைத்து உருட்டிய உருண்டைகளை மண்ணின்மேல் வைப்பது இங்கே மரபு. அந்த வாசனை நாய்க்கும் எலிக்கும் காகத்துக்கும் விருந்தழைப்பு. ஆசைப்பட்டு நிறைய விழுங்கிய நாய்க்கு வாந்தி காண்பதோடு, எலும்புத் தூள் வயிற்றில் கெட்டிப்பட்டு அடைப்பதும் உண்டு. மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் கூடுகளில் உருண்டையை அடைத்து, கூட்டின் முள்ளை மண்ணில் குத்தி நிறுத்துகிறார்கள். நீர் ஊற்றும்போது சத்து இறங்கும், உருண்டை வெளிவராது. நம் நாட்டில் ஆமணக்குப் பிண்ணாக்கை இடுவோர் இதைவிடப் பன்மடங்கு ஜாக்கிரதையாக இருத்தல் அவசியம். சரிவரப் பக்குவம் செய்யாத பிண்ணாக்கில் எஞ்சும் ரிசின் நாயைக் கொல்லவும் வல்லது. இலையுதிர் காலத்தில் குட்டி ஆப்பிள் மரங்களில் காய்த்துச் சிவக்கும் பழங்களைத் தேடி, நம் கொண்டைக்குருவியின் இனத்தைச் சேர்ந்த ஹியோதோரிப் பறவைகள் வந்துவிடுமாம். கண்காட்சிக்குரிய மரங்களுக்கு மட்டும் வலையிட்டு, மற்றவற்றைப் பறவைகளுக்கே விட்டுவிடுவதாகச் சொன்னார்.

பிற்பகலில் இளந்தம்பதியர், கையில் நாய்க்குட்டியோடு வந்து, இளஞ்சிவப்பாகப் பூத்துக் குலுங்கிய சாத்சுகி அசேலியா ஒன்றை விலை கேட்டார்கள். ஓயாகாதா விலை சொல்லுமுன், குட்டிக்கு என்ன வயது என்றும், மரத்தை எங்கே வைக்கப் போகிறார்கள் என்றும் விசாரித்தார். மாடத்தின் தரையில் என்றார்கள். சாத்சுகியின் இலையும் பூவும் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே நாய்க்கு எச்சில் ஒழுகி, வாந்தி எடுத்து, இருதயம் தளரும் என்றும், ஈந்து போன்ற சோதெத்சுவும், ஊசியிலை கொண்ட இச்சீ மரமும் அதைவிடக் கொடியவை என்றும் எடுத்துரைத்து, பூவில்லாத கெயாகி மரம் ஒன்றை எடுத்துவந்து அவர்கள் முன் வைத்தார். சாத்சுகியின் விலையில் அது பாதிகூட இராது. முகம் சற்றே வாடினாலும் அதையே வாங்கிக்கொண்டார்கள். குட்டி கண்டதைக் கடிக்கும் பருவத்தைத் தாண்டி, எட்டாத உயரத்தில் ஒரு பலகையும் அமைத்தபின் வந்தால் சாத்சுகியைத் தருவதாக வாக்களித்து, அந்தத் தொட்டியில் அவர்கள் பெயரெழுதிய சீட்டைச் செருகிவைக்குமாறு மாணவனிடம் சொன்னார்.